ஊசிய நிறுத்திட்டா வைத்தியத்த நிறுத்திட்டாங்கன்னு யாருங்க சொன்னது?

ரொம்ப நாளா எழுதணும்னு மனசுல கிடந்த விஷயம் இது. ஒரு ஆஸ்பத்திரி வார்டுல நடந்த வாக்குவாதத்தப் பாத்த பிறகு தள்ளிப்போட மனசு வரல.

எங்க திருவொற்றியூர் தெருவுல ஒரு அண்ணன் இருக்காரு. துறைமுகத்துக்கு கன்டெய்னர் லாரி ஓட்டுறவரு. சின்ன வயசுலேருந்தே வீசிங். ராத்திரி திடீர்னு இழுப்பு ஜாஸ்தியாகி, ஒரு வார்த்தை பேச முடியல. ரெண்டு கையையும் கட்டில்ல ஊனிக்கிட்டு, தோள தூக்கித் தூக்கி மூச்சு விட்டுட்டு இருந்தாரு. 108 வந்துச்சு, ஏத்திட்டுப் போனாங்க. கேஷுவாலிட்டில ஆக்சிஜன், நெபுலைசர், ஊசின்னு எல்லாம் ஒரே நேரத்துல ஓடுச்சு.

மறுநாள் காலையில மனுஷன் உக்காந்து இட்லி சாப்பிடுறாரு.

ரவுண்ட்ஸ் வந்த டாக்டரம்மா பாத்தாங்க. "ஐவி ஸ்டீராய்டு போதும் சிஸ்டர், மாத்திரைக்கு மாத்திடுங்க"ன்னு சொன்னாங்க.

அவ்ளோதான். ஆரம்பிச்சுது.

"இம்மாம் பெரிய இழுப்புக்கு ஒரு நாள் ஊசியோட நிறுத்துறீங்களேம்மா, மாத்திரை பத்துமா?" (அண்ணனோட அம்மா.)

"அஞ்சு நாளாவது ஊசி போட்டாத்தான் வேரோட போவும்." (மச்சான்.)

"காசு கட்டுற எடமா இருந்தா இப்படி நிறுத்துவாங்களா?" (பக்கத்து கட்டிலுக்குத் துணையா வந்த யாரோ.)

அந்த டாக்டரம்மா நகரல. அத்தனை கட்டில் பாக்க வேண்டியிருந்தும் நின்னு சொன்னாங்க: "அம்மா, மருந்து மாறல. உள்ள போற வழிதான் மாறுது. இட்லி முழுங்குறவருக்கு மாத்திரை முழுங்க முடியாதா? ஊசிய நிறுத்துறேன், வைத்தியத்த நிறுத்தல."

எனக்கு எழுந்து கை தட்டணும் போல இருந்துச்சு.

ஏன்னா எங்க அம்மாவுக்கும் ஆஸ்துமா. இதே கேள்விய நானும் வருஷக்கணக்கா சுமந்துட்டு, டாக்டர்கள நச்சரிச்சு, கிடைச்சதெல்லாம் படிச்சு, கொஞ்சம் கொஞ்சமா புரிஞ்சுக்கிட்டேன். (நான் டாக்டர் இல்ல. ஆஸ்துமா இருக்குற வீட்டுல வளந்த ஆளு. உங்க மருந்த உங்க டாக்டர்தான் முடிவு பண்ணணும்.) அந்த டாக்டரம்மா சொன்ன ஒரு வரிக்குள்ள எவ்ளோ விஷயம் இருக்குன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல, இழுப்பு வந்தா உள்ள என்ன நடக்குது?

ரெண்டு விஷயம் நடக்குது. ஒண்ணு, மூச்சுக்குழாய சுத்தி இருக்குற தசை இறுகுது. ரெண்டு, குழாயோட உள் சுவர் வீங்குது, சளி சேந்து அடைக்குது.

இறுகின தசைய தளர்த்துறது நெபுலைசர்ல வெக்கிற சால்ப்யூட்டமால், இப்ரட்ரோப்பியம் (டுவோலின்னு சொல்றோமே, அதுல லெவோசால்ப்யூட்டமாலும் இப்ரட்ரோப்பியமும் இருக்கு). அது நிமிஷக்கணக்குல வேலை செய்யும். வீக்கத்தக் குறைக்கிறது ஸ்டீராய்டு. அது செல்லுக்குள்ள போய், வீக்கத்த உண்டாக்குற சமாச்சாரங்களோட உற்பத்தியையே அடக்கணும். அதுக்கு நேரம் ஆகும். குறைஞ்சது நாலு மணி நேரம் ஆனாத்தான் வித்தியாசமே தெரியும்னு சொல்றாங்க. வீங்கின விரல்ல மாட்டின மோதிரம் மாதிரி நெனச்சுக்கோங்க. மருந்து போட்ட அடுத்த நிமிஷம் கழண்டு வராது, வீக்கம் வடியணும்.

இங்கதான் நம்ம ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை வேரூனிப் போச்சு. கேஷுவாலிட்டில எல்லாம் ஒரே நேரத்துல குடுக்குறாங்க. அரை மணி நேரத்துல மூச்சு லேசாகுது. அந்தப் பேரு யாருக்குப் போவுது? ஊசிக்கு! நெபுலைசர் வெறும் புகை மாதிரி தெரியுது, ஊசி வலிக்குது, அதனால ஊசிதான் காப்பாத்துச்சுன்னு மனசு எழுதி வெச்சுக்குது. ஆனா அந்த முதல் அரை மணி நேரத்து நிம்மதி பெரும்பாலும் நெபுலைசரும் ஆக்சிஜனும் குடுத்தது.

அதுக்காக ஸ்டீராய்டு வேண்டாம்னு அர்த்தம் இல்ல. கட்டாயம் வேணும். ஆஸ்பத்திரிக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள்ள குடுத்துடணும்னே சொல்றாங்க. சீக்கிரம் குடுத்தா அட்மிஷன் குறையுதுன்னு ஆராய்ச்சிகள் காட்டியிருக்கு. லேட்டா வேலை செய்யிற மருந்துன்னாலதான் அத முன்னாடியே ஆரம்பிக்கணும்.

ஊசியா மாத்திரையாங்கிறதுதான் கேள்வி.

கொஞ்சம் பழைய கதைக்குப் போவோம். 1948ல அமெரிக்காவுல, மேயோ கிளினிக்ல ஃபிலிப் ஹென்ச் குழுவினர் முடக்குவாதத்துல படுத்த படுக்கையா இருந்த ஒரு பொண்ணுக்கு கார்ட்டிசோன்ங்கிற ஸ்டீராய்ட குடுத்தாங்க, அவங்க எழுந்து நடந்தாங்க. 1950ல ஹென்ச்சுக்கும் இன்னும் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. 1956ல பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் கடுமையான ஆஸ்துமா அட்டாக்ல கார்ட்டிசோன முறையா சோதிச்சுப் பாத்து வெளியிட்டுச்சு. அதுக்கப்புறம் உலகம் முழுக்க ஆஸ்பத்திரிகள்ல ஸ்டீராய்டு ஊசி சாதாரணமாச்சு. டோஸும் ஏறிக்கிட்டே போச்சு.

1986ல லான்செட் பத்திரிகையில ஒரு ஆய்வு. ஏற்கெனவே ப்ரெட்னிசலோன் மாத்திரை எடுக்குற கடுமையான ஆஸ்துமாக்காரங்களுக்கு (மூச்சே நின்னு போற நிலைமையில இல்லாதவங்களுக்கு) கூடவே ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசியும் போட்டா கூடுதல் லாபம் இருக்கான்னு பாத்தாங்க. இல்ல. 1988ல அமெரிக்க மருத்துவச் சங்கத்தோட பத்திரிகையில இன்னொண்ணு, அதே ஸ்டீராய்ட வாய் வழியாவும் ரத்தக்குழாய் வழியாவும் குடுத்து ஒப்பிட்டாங்க. வித்தியாசம் இல்ல.

அதாவது, இது நேத்திக்கு வந்த புது ஃபேஷன் இல்லைங்க. நாற்பது வருஷத்துக்குக் கிட்டக்க ஆகுது.

காரணம் ரொம்ப எளிமை. ப்ரெட்னிசலோன் மாத்திரை வயித்துல போனா பெரும்பகுதி ரத்தத்துல சேந்துடும், ஒண்ணு ரெண்டு மணி நேரத்துல உச்சத்துக்கு வந்துடும். மருந்து வேலை செய்யவே நாலு மணி நேரம் ஆகுற விஷயத்துல, ஊசி மிச்சப்படுத்துற அந்தக் கொஞ்ச நேரத்தால பெரிசா ஒண்ணும் ஆகிடப் போறதில்ல.

கணக்கையும் சொல்லிடுறேன். 20 மில்லிகிராம் ஹைட்ரோகார்ட்டிசோன் (எஃப்கார்லின்னு சீட்டுல பாத்திருப்பீங்க) 5 மில்லிகிராம் ப்ரெட்னிசலோனுக்கு (வைசோலோன், ஓம்னாகார்ட்டில்) சமம். அப்ப, ஒரு நாளைக்குப் பிரிச்சுப் போடுற 200 மில்லிகிராம் ஊசியும், காலையில ஒரே தடவையா முழுங்குற 50 மில்லிகிராம் மாத்திரையும் ஒண்ணுதான். ஊசிக்குக் கையில வென்ஃப்ளான் குத்தணும், நரம்பு வீங்கும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை சிஸ்டர் வரணும். மாத்திரைக்கு ஒரு டம்ளர் தண்ணி போதும்.

அப்ப ஊசி யாருக்கு?

முழுங்கக்கூட முடியாத அளவுக்கு மூச்சு வாங்குறவங்களுக்கு. வாந்தி எடுக்குறவங்களுக்கு. நினைவு மங்குறவங்களுக்கு. வென்டிலேட்டர்ல இருக்குறவங்களுக்கு. இவங்களுக்கு ஊசி உயிர் காக்குற விஷயம், அதுல பேச்சே இல்ல. எங்க தெரு அண்ணன் அந்த ராத்திரி அந்த நிலைமையிலதான் இருந்தாரு.

எத்தனை நாள்?

முழுங்க முடியிற வரைக்கும். அவ்ளோதான் பதில். நிறைய பேருக்கு அது ஒரு நாள், ரெண்டு நாள். ஐசியூல இருந்தா இன்னும் நீளலாம், அது அங்க இருக்குற டாக்டர் பாத்து முடிவு பண்றது. முழுங்க ஆரம்பிச்சதும் மாத்திரைக்கு மாறி, மிச்ச நாள முடிக்கணும். ஊசி, மாத்திரை ரெண்டும் சேத்து பெரியவங்களுக்கு மொத்தம் 5லேருந்து 7 நாள். குழந்தைங்களுக்கு 3லேருந்து 5 நாள். (குழந்தைங்களுக்கு டெக்ஸாமெத்தசோன் வாய்வழியா ஒண்ணு ரெண்டு நாள் குடுக்குற முறையும் இருக்கு, அது உடம்புல ரொம்ப நேரம் தங்குற மருந்து.) இது உலகம் முழுக்க டாக்டர்கள் பாக்குற ஜினா வழிகாட்டியில இருக்குற கணக்கு.

இன்னும் கொஞ்சம் நாள் சேத்துப் போட்டா இன்னும் நல்லா ஆகாதா? அதையும் சோதிச்சுப் பாத்துட்டாங்க. 2000ல ஜப்பான்ல ஒரு வாரமா ரெண்டு வாரமான்னு ஒப்பிட்டாங்க. 2002ல இங்கிலாந்துல 5 நாள் மாத்திரையா 10 நாளான்னு ஒப்பிட்டாங்க. ரெண்டுலயும் நீட்டினவங்களுக்குத் தனியா லாபம் ஒண்ணும் கிடைக்கல.

"படிப்படியா குறைக்கணும்ல, திடீர்னு நிறுத்தக் கூடாதுல்ல"ன்னு அடுத்த கேள்வி வரும். ரெண்டு வாரத்துக்குள்ள முடியிற கோர்ஸ்னா பொதுவா தேவையில்ல. 1993லயே லான்செட்ல இதுக்கு ஒரு ஆய்வு வந்தாச்சு. ஆனா மாசக்கணக்கா தினமும் ஸ்டீராய்டு மாத்திரை எடுக்குறவங்க கதை வேற. அவங்க உடம்பு தானா சுரக்குற ஸ்டீராய்டு தூங்கிப் போயிருக்கும். அவங்க டாக்டர் சொல்லாம ஒரு நாள் கூட நிறுத்தக் கூடாது. இந்த ரெண்டையும் கலந்து குழப்பிக்காதீங்க, தயவு செஞ்சு.

சரி, "நாலு நாள் சேத்துப் போட்டா என்ன கெட்டுப் போச்சு?"ன்னு கேக்குறவங்களுக்கு.

சுகர் ஏறும். வட சென்னையில சுகர் இல்லாத வீடு எத்தனை இருக்கு சொல்லுங்க? அம்மாவுக்கு ஒரு கோர்ஸ் ஓடுறப்ப வெறும் வயித்துல சுகர் ஒழுங்கா இருக்கும். மத்தியானத்துக்கு மேல பாத்தா எகிறியிருக்கும். காலையில எடுக்குற ப்ரெட்னிசலோன் மத்தியானம், சாயங்காலம்தான் சுகர தூக்கும்னு அப்புறம் தெரிஞ்சுது. அதுலேருந்து ஸ்டீராய்டு ஓடுற நாள்ல மதிய சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு தடவை பாக்குறோம்.

தூக்கம் போவும். ராத்திரி மாத்திரை போட்டா அம்மா விடிய விடிய முழிச்சிருப்பாங்க. காலையில சாப்பாட்டுக்குப் பிறகு மாத்தினோம், தூங்கினாங்க. பசி எடுத்துக்கிட்டே இருக்கும். சிலருக்கு எரிச்சல், கோவம், அழுகை. பிரஷர் ஏறும். காசநோய் மறைஞ்சிருந்தா ஸ்டீராய்டு அத கிளப்பி விடலாம். நம்ம ஊர்ல இது சின்ன விஷயம் இல்ல. வாரக்கணக்கா இருமல், சாயங்காலக் காய்ச்சல், எடை குறையிறது இதெல்லாம் இருந்தா டாக்டர்கிட்ட கண்டிப்பா சொல்லுங்க.

பெரிய ஆபத்து ஒரு கோர்ஸ்ல இல்லைங்க. கூட்டுத்தொகையில இருக்கு. வாழ்நாள்ல நாலஞ்சு கோர்ஸ் ஆனாலே எலும்பு தேயிறது, கண்புரை, சுகர் இதுக்கெல்லாம் வாய்ப்பு கூடுதுன்னு இப்ப சொல்றாங்க.

இங்கதான் எனக்குக் கோவம் வருது.

நம்ம பக்கம் எத்தனை பேர் மழைக்காலம் வந்தா நேரா தெருமுனை கிளினிக்குக்குப் போய், டெக்ஸா ஒண்ணு டெரிஃபிலின் ஒண்ணு போட்டுக்கிட்டு, சாயங்காலம் வேலைக்குப் போறாங்க! ஒவ்வொரு டெக்ஸாவும் ஸ்டீராய்டு. அது எங்கயும் எழுதப்படுறதில்ல. "நான் ஸ்டீராய்டே எடுத்ததில்லப்பா"ன்னு சொல்றவங்க கையில அந்த ஊசி எத்தனை தடவை ஏறியிருக்குன்னு அவங்களுக்கே தெரியாது. டெரிஃபிலின் வகை மருந்த அட்டாக் நேரத்துல வழக்கமா குடுக்க வேண்டாம்னு ஜினா சொல்லி ரொம்ப வருஷமாச்சு. நெஞ்சு படபடக்கும், குமட்டும். நெபுலைசர்ல கிடைக்கிற பலன விட அதுல பெரிசா ஒண்ணும் இல்ல.

எங்க அம்மாவும் இந்த ஊசியிலதான் பல மழைக்காலத்த ஓட்டினாங்க. ராயபுரத்துல பொறந்து வளந்தவங்க. "ஊசி போட்டா உடனே கேக்கும், இன்ஹேலர்னா பழகிடும்" இதுதான் அவங்க வேதம். ஒரு நாள் நெஞ்சு ஓபியில இருந்த டாக்டர் ஒரே ஒரு கேள்வி கேட்டாரு: "தினமும் என்ன இன்ஹேலர் எடுக்குறீங்க?" நாங்க நீலக் கலர் அஸ்தாலின எடுத்துக் காட்டினோம். "இது தீ அணைக்க. தீ புடிக்காம இருக்க என்ன எடுக்குறீங்க?"ன்னாரு. அப்படி ஒண்ணு இருக்குன்னே அதுவரைக்கும் யாரும் எங்களுக்குச் சொன்னதில்ல.

தினமும் எடுக்குற அந்த இன்ஹேலர்ல இருக்குறதும் ஸ்டீராய்டுதான். ஆனா ஒரு பஃப்ல 200 மைக்ரோகிராம் பூடிசோனைடுன்னு வைங்க. அட்டாக் நாள்ல முழுங்குறது 50 மில்லிகிராம். எடைய மட்டும் பாத்தா 250 மடங்கு வித்தியாசம். (ரெண்டும் வேற வேற மருந்து, வீரியமும் வேற, நேருக்கு நேரா வெச்சுப் பாக்க முடியாது. ஆனா எது உடம்பு முழுக்க சுத்துது, எது பெரும்பாலும் மூச்சுக்குழாய்லயே வேலை செய்யுதுன்னு புரியும்.) ஸ்டீராய்டுக்குப் பயந்து இன்ஹேலர ஒதுக்குறவங்கதான் கடைசியில ஊசியா நிறைய ஸ்டீராய்டு வாங்கிக்கிறாங்க. இத எத்தனை தடவை வேணா சொல்லுவேன்.

அம்மாவுக்கு இன்ஹேலர் பழக்குறது லேசுல நடக்கல. முதல்ல கேப்ஸ்யூல் போட்டு உறிஞ்சுற ரோட்டாஹேலர். அம்மாவுக்கு அவ்ளோ வேகமா உறிஞ்ச தெம்பு இல்ல, பொடி உள்ளயே தங்கிடும். அப்புறம் அழுத்துற பம்ப். அழுத்துறதும் இழுக்குறதும் ஒரே நேரத்துல வரல, மருந்து நாக்குலயே நின்னுச்சு. அப்புறம் ஸ்பேசர் வந்துச்சு. அன்னிக்குத்தான் மருந்து நெஞ்சுக்குப் போச்சு.

ஸ்பேசர் வாங்க முடியாதவங்களுக்கு ஒரு விஷயம். 500 மில்லி பிளாஸ்டிக் தண்ணி பாட்டில்ல அடிப்பக்கம் பம்ப் வாய் அளவுக்கு ஓட்டை போட்டுச் செஞ்ச ஸ்பேசர், கடையில வாங்குறதுக்குக் கிட்டத்தட்ட சமமா வேலை செய்யுதுன்னு 1999ல தென்னாப்பிரிக்காவுல, கேப் டவுன்ல ஹெதர் ஸார் குழுவினர் குழந்தைங்ககிட்ட சோதிச்சு லான்செட்ல எழுதினாங்க. உங்க டாக்டர்கிட்ட காட்டி சரி பாத்துக்கோங்க. ஸ்டீராய்டு இன்ஹேலர் எடுத்த பிறகு வாய் கொப்பளிக்கணும். அம்மாவோட இன்ஹேலர் இப்ப டூத்பிரஷ் பக்கத்துல இருக்கு, அதனால மறக்குறதே இல்ல.

2019ல ஜினா ஒரு பெரிய மாத்தம் பண்ணுச்சு. பெரியவங்களுக்கும் வளர்ற பிள்ளைங்களுக்கும் வெறும் நீல இன்ஹேலர மட்டும் குடுத்து அனுப்பாதீங்க, ஸ்டீராய்டு இன்ஹேலர் கட்டாயம் சேரணும்னு சொல்லிடுச்சு. அதே 2019க்கான உலகளாவிய நோய்ச்சுமை கணக்குல, உலகத்துல இருக்குற ஆஸ்துமாவுல சுமார் 13 சதவீதம் இந்தியாவுல, ஆனா ஆஸ்துமா சாவுல 40 சதவீதத்துக்கு மேல இந்தியாவுல. தடுக்குற இன்ஹேலர் தினமும் எடுக்காததுதான் இதுக்குப் பெரிய காரணம்னு நெஞ்சு டாக்டர்கள் கத்திக்கிட்டே இருக்காங்க.

நம்ம ஊரு காத்தப் பத்திப் பேசாம இந்தப் பதிவு முடியாது.

ராயபுரத்துல ஒரு காலத்துல மொட்டை மாடியில துணி காயப் போட்டா கரி படிஞ்சு வரும். 2011ல உயர் நீதிமன்ற உத்தரவால சென்னைத் துறைமுகத்துல நிலக்கரி இறக்குறது நின்னுச்சு. ராயபுரம் கொஞ்சம் மூச்சு விட்டுச்சு. நிலக்கரி எங்க போச்சு? எண்ணூருக்கு. பழைய எண்ணூர் அனல்மின் நிலையத்த 2017ல மூடினாங்க, ஆனா வட சென்னை அனல்மின் நிலையமும் வல்லூரும் ஓடுது. சாம்பல் இருக்கு, மணலி தொழிற்சாலைங்க இருக்கு, எக்ஸ்பிரஸ் ரோட்டுல வரிசை கட்டி நிக்கிற கன்டெய்னர் லாரி இருக்கு. 2023 டிசம்பர் 26 ராத்திரி எண்ணூர் பெரியகுப்பம் பக்கத்துல கடலுக்கடியில போற குழாய்லேருந்து அம்மோனியா கசிஞ்சு, ஜனங்க மூச்சுத் திணறி நடுராத்திரியில தெருவுக்கு ஓடி வந்தத யாரும் மறக்கல. இதுக்கெல்லாம் ஸ்டீராய்டு மருந்து இல்ல. காத்த சுத்தம் பண்றதுதான் மருந்து, அதுக்கு நாம கேட்டுக்கிட்டே இருக்கணும்.

ஆனா காத்து மாறுற வரைக்கும் நம்ம ஆளுங்க மூச்சு விடணுமே. அதனால, உங்க வீட்டு ஆள் அட்டாக்ல அட்மிட் ஆனா, "ஊசி எத்தனை நாள் போடுவீங்க?"ன்னு டாக்டர்கிட்ட மல்லுக்கட்டாதீங்க. இதெல்லாம் கேளுங்க:

ஸ்டீராய்டு மாத்திரை எந்தத் தேதி வரைக்கும்? அன்னிக்கு அப்படியே நிறுத்தலாமா?

தினமும் எடுக்க வேண்டிய இன்ஹேலர் எது? எத்தனை பஃப்? (கையில குடுத்து, எதிர்ல எடுக்கச் சொல்லிப் பாக்கச் சொல்லுங்க.)

சுகர் இருக்கு, மருந்து மாத்தணுமா?

மறுபடி இழுத்தா வீட்டுல என்ன பண்ணணும், எந்த அளவுல கிளம்பி வரணும்? (ஒரு வாக்கியம் முழுசா பேச முடியலன்னா, உதடு நீலமானா, ஆள் மயங்குற மாதிரி இருந்தா யோசிக்கவே வேண்டாம், 108.)

ரிவியூ எப்ப? (ரெண்டு நாள்லேருந்து ஒரு வாரத்துக்குள்ள. ஊசி ஓடுனதோட வைத்தியம் முடிஞ்சுதுன்னு போகாம விட்டுடாதீங்க.)

பூடிசோனைடும் ஃபார்மோட்டராலும் சேந்த இன்ஹேலர் தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கு. உங்க ஏரியா ஆரம்ப சுகாதார நிலையத்துல, அரசு ஆஸ்பத்திரி நெஞ்சு ஓபியில கேளுங்க. இல்லன்னு சொன்னா, ஏன் இல்லன்னு கேளுங்க. அஞ்சு நாள் ஊசி வேணும்னு வார்டுல குரல் ஒசத்துன நாம, அடுத்த ஊசியே வராம பண்ற இந்த இன்ஹேலருக்காக அதே குரல ஒசத்தலாம். அண்ணன் இப்ப வீட்டுல இருக்காரு. அவரு கையில இன்ஹேலர் இருக்கு, அவங்க அம்மா கையில மேல சொன்ன கேள்விங்க எழுதின சீட்டு இருக்கு. ரிவியூவுக்கு அந்த அம்மாதான் கூடப் போறாங்க.